பாடப்புத்தகத்தில் இல்லாத அறை

அவளுக்குப் பயமில்லாத ஒன்றைச் சொல்லச் சொன்னால் வீட்டில் உள்ளவர்கள் மோட்டுவளையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். நாயென்றால் பயம், குக்கர் விசிலென்றால் பயம், நேரங்கெட்ட நேரத்தில் மணியடிக்கும் போனென்றால் பயம். லிஃப்டைக் கண்டால் சொல்லவே வேண்டாம். இத்தனைக்கும் அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். "ஊரே என்னை நம்பி லிஃப்ட்ல ஏறுது. கட்டினவ மட்டும் அஞ்சு மாடியும் படியேறி மூச்சு வாங்குறா" என்று கல்யாணமான வருஷத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். கூடவே இருக்கும் நாத்தனார் அதைக் கேட்டுச் சிரிக்காத நாளில்லை.

அப்பேர்ப்பட்டவள் போயும் போயும் வேதியியல் படித்திருந்தாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, பக்கத்தில் நின்றவளின் கை தவறி ஒரு குடுவை அமிலம் கீழே விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தரைக்கல் சீறியது. அந்தச் சத்தம் அவள் காதில் குடியேறிவிட்டது. அதற்குப் பிறகு செய்முறை வகுப்பில் எப்போதும் யாராவது ஒருத்தியின் முதுகுக்குப் பின்னாலேயே நின்றாள். மற்றவர்கள் கலக்குவார்கள், சூடாக்குவார்கள், இவள் கணக்கைப் போட்டுக் கொடுப்பாள். பட்டம் வாங்கிய பிறகு ஒரு பெயிண்ட் கம்பெனியின் ஆய்வுக்கூடத்திலிருந்து வேலைக்குக் கூப்பிட்டார்கள். போனாள். கேட்டுக்குள் கால் வைக்கும் முன்பே மூக்கில் நெடி ஏறியது. அப்படியே திரும்பி வந்துவிட்டாள்.

தாளில் இருக்கும் அமிலம் யாரையும் சுடாது. அதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. ஒரு சமன்பாட்டின் இந்தப் பக்கம் எத்தனை அணுவோ அந்தப் பக்கமும் அத்தனை இருக்க வேண்டும், இருக்கும்படி செய்துவிடலாம். உலகத்தில் வேறெதை அப்படிச் சரிக்கட்ட முடிகிறது? நாற்பதைத் தாண்டிய பிறகு, பள்ளிப் பிள்ளைகளின் வீட்டுப்பாடச் சந்தேகங்களுக்குக் கணினி வழியாகப் பதில் எழுதும் வேலை கிடைத்தபோது, எனக்கென்றே யாரோ யோசித்து உண்டாக்கிய வேலை என்று நினைத்தாள்.

அந்த இடம் ஒரு செருப்புக் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது. படியேறும்போதே பசையும் தோலும் கலந்த வாடை வரும். நீளமான அறையில் எட்டு மேசை, எட்டுத் திரை. இவள் வேதியியல். பக்கத்து மேசையில் இயற்பியல் பார்ப்பவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர். எல்லோரும் அவரை 'விசை சார்' என்பார்கள். இவளுக்கு அங்கே 'கணக்கக்கா' என்று பெயர். கேள்வி வந்ததும் திரையின் மேல் ஓரத்தில் ஒரு பச்சைப் பட்டை தோன்றும். நேரம் போகப் போக மஞ்சளாகி, கடைசியில் சிவந்துவிடும். சிவந்தால் சம்பளத்தில் கைவைப்பார்கள். அதைக் கண்காணிக்கவே ஒரு சூப்பர்வைசர் இருந்தான். இருபத்தைந்தைத் தாண்டாதவன், "அக்கா, பட்டை சிவக்குது" என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. அதனால் அவன் பெயரே 'பட்டை' என்றாகிவிட்டது. அவனுக்கும் அது தெரியும்.

காலை நேரத்துக்கு அவள்தான் வருவாள். ராத்திரி வீட்டுப்பாடம் செய்யாமல் தூங்கிவிட்டு, பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்தில் கேள்வியை அனுப்பும் பிள்ளைகளின் நேரம் அது. "வெள்ளம் தலைக்கு மேல போனப்புறம் நீச்சல் கத்துக்க வர்ற கூட்டம்" என்பார் விசை சார். பிள்ளைகளின் பெயரோ ஊரோ திரையில் வராது, ஒரு எண் மட்டும் வரும். ஆனாலும் எழுதும் தினுசை வைத்தே அவள் பலரைக் கண்டுகொள்வாள். விடையை மட்டும் கேட்பவன் ஒருவன். நன்றி சொல்லாமல் போகவே மாட்டாத ஒருவன். இன்னொருத்தி 'அக்கா அக்கா அக்கா' என்று மூன்று தரம் கூப்பிட்ட பிறகுதான் கேள்விக்கே வருவாள். "அக்கா அக்கா அக்கா, இந்த மோலைக் கண்டுபிடிச்சவர் கையில கிடைச்சா என்ன செய்யலாம்?" என்று ஒரு நாள் கேட்டிருந்தாள். அவளுக்கு இவள் மனசுக்குள் வைத்த பெயர் வாலு.

குளிர் உச்சத்தில் இருந்த ஒரு காலையில் வாலுவின் எண்ணிலிருந்து ஒரு கேள்வி வந்தது.

'ஓர் அறையின் நீளம் ஐந்து அடி மூன்று அங்குலம். அகலம் நான்கு அடி. உயரம் ஏழரை அடி. கதவும் சன்னலும் மூடப்பட்டுள்ளன. அவ்வறையில் உள்ள ஆக்சிஜன் எவ்வளவு?'

அக்கா இல்லை. ஒரு தரம்கூட இல்லை. அவசரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கன அடியை லிட்டராக்கினாள், ஐந்தில் ஒரு பங்கு எடுத்தாள், ஏறக்குறைய தொள்ளாயிரம் லிட்டர் என்று படிப்படியாக எழுதி அனுப்பினாள். பட்டை பச்சையாகவே இருந்தது.

அடுத்த கேள்வி உடனே வந்தது. 'அவ்வறையில் எரிவாயு எரிந்துகொண்டிருக்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் எந்த வாயு உண்டாகும்?'

இது பாடத்தில் இருப்பதுதான். போதுமான ஆக்சிஜன் கிடைத்தால் கார்பன் டை ஆக்சைடு, கிடைக்காவிட்டால் கார்பன் மோனாக்சைடு. இரண்டு சமன்பாட்டையும் எழுதிச் சமன்படுத்தி அனுப்பினாள். அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை என்று வழக்கம்போல ஒரு வரி சேர்த்தாள்.

மூன்றாவது வந்தது. 'அந்த வாயுவினால் ஒருவர் மயக்கமடைய எவ்வளவு நேரமாகும் எனத் தெரிவிக்கவும்.'

அவள் விரல் விசைப்பலகைக்கு மேலேயே நின்றது.

'தெரிவிக்கவும்.' எந்தப் பாடப்புத்தகமும் தெரிவிக்கவும் என்று சொல்லாது. கணக்கிடுக என்னும், காண்க என்னும். அவள் முதல் கேள்விக்குத் திரும்பிப் போய் மறுபடி படித்தாள். ஐந்து அடி மூன்று அங்குலம். பாடப்புத்தகத்து அறைகள் எல்லாம் மீட்டரில் இருக்கும். மூன்று, நான்கு என்று முழுசாக இருக்கும். அந்த அறைகளை யாரும் அளந்ததில்லை, உட்கார்ந்த இடத்தில் உண்டாக்கியவை. இந்த மூன்று அங்குலத்தை யாரும் உண்டாக்க முடியாது. யாரோ ஒருவர் கையில் டேப்பை வைத்துக்கொண்டு குனிந்து, சுவரோரம் பிடித்து அளந்திருக்கிறார்.

பேப்பரில் படித்ததெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நினைவுக்கு வந்தது. மூடிய அறை. எரிவாயு. எழுதியது வாலு இல்லை, வாலுவின் வீட்டில் யாரோ. யாரோ ஒருவர் தன்னை மாய்த்துக்கொள்ளப் போகிறார், அதற்கு இவளிடம் கணக்குக் கேட்கிறார், இவளும் இரண்டு படி போட்டுக் கொடுத்துவிட்டாள்!

நேரத்தைக் கடத்த வேண்டும் என்று தோன்றியது. 'தகவல் போதாது. அறையில் காற்றுப் போக வழி உண்டா? உள்ளே எத்தனை பேர்?' என்று தட்டினாள்.

பதில் வந்தது. 'வழி இல்லை. ஒரு நபர். எடை முப்பத்தெட்டு கிலோ.'

முப்பத்தெட்டு கிலோ. அது பெரியவர்களின் எடை இல்லையே. அது பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் எடை.

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. விசை சார் திரும்பிப் பார்த்தார். அவள் நேராகப் பட்டையின் மேசைக்குப் போனாள்.

"தம்பி, ஒரு நம்பர் வேணும். இப்ப எனக்குக் கேள்வி அனுப்புற வீட்டோட போன் நம்பர்."

"அதெல்லாம் தரக்கூடாதுக்கா. உங்களுக்கே தெரியும். போங்க, பட்டை..."

"பட்டையைத் தூக்கிக் குப்பைல போடு! யாரோ ஒரு பிள்ளையைக் கொல்லப் போறாங்க."

அவள் குரல் உயர்ந்து அந்த அறையில் யாரும் கேட்டதில்லை. எட்டு மேசையிலும் தட்டும் சத்தம் நின்றுபோனது. பட்டை அவள் முகத்தைப் பார்த்தான். என்ன தெரிந்ததோ, எழுந்து அவள் திரைக்கு வந்து மூன்று கேள்வியையும் படித்தான். அவனுக்கு வேதியியல் தெரியாது. ஆனால் முப்பத்தெட்டு கிலோ புரிந்தது.

"பரீட்சைல வித்தியாசமா ஏதாவது கேட்டிருப்பாங்களோ?" என்றான் ஈனமான குரலில்.

"ஆள் எடையைக் கேக்குற பரீட்சை எங்கயாவது உண்டா?" என்றார் விசை சார். "போனைப் போடு தம்பி. தப்பா இருந்தா என் தலைல போட்டுடு. எனக்கென்ன, ஏற்கெனவே ஓய்வு பெத்தாச்சு."

பட்டை தன் மேசைக்கு ஓடினான். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. "விலாசம் இல்லக்கா. இந்த நம்பர் மட்டும்தான் இருக்கு" என்று அங்கிருந்தே கத்தினான்.

அவள் நாற்காலியை நிமிர்த்தாமல் நின்றபடியே தட்டினாள். 'இது எந்தப் பாடத்தில் வருகிறது?'

'கணக்குதான் மேடம். விடை மட்டும் போதும். கொஞ்சம் அவசரம்.'

பட்டை மஞ்சளாகியிருந்தது. இனி நடிப்பதில் அர்த்தமில்லை. 'விடை சொல்ல மாட்டேன். நீங்க யாரு? உண்மையச் சொல்லுங்க' என்று தட்டினாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படிப் பேச்சு வழக்கில் அவள் எழுதியதில்லை.

திரையில் மூன்று புள்ளிகள் துள்ளின. நின்றன. மறுபடி துள்ளின.

'பாப்பாவோட அம்மா. தப்பா இருந்தா மன்னிச்சிடுங்க. வீட்டுப்பாடம் மட்டும்தான் கேக்கணும்னு தெரியும். கணக்கு மாதிரி எழுதினாத்தான் பதில் வரும்னு நெனச்சேன்.'

'உள்ள யாரு இருக்கா?'

'பாப்பா குளிக்கிறா.'

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. ஐந்து அடி மூன்று அங்குலத்துக்கு நாலு அடி. குளியலறை. குளிர்காலம். எரிவாயு. வெந்நீர். உள்ளே ஹீட்டர் இருக்கிறதா என்று கேட்கத் தட்டினாள். பாதியிலேயே, இதுவும் ஒரு கேள்விதானே என்று உறைத்தது. அழித்தாள். எழுத்தெல்லாம் மாறி மாறி விழுந்தது.

'கதவத் திறங்க. இப்பவே. உடைச்சாவது திறங்க. கேஸை மூடுங்க. வெளிக்காத்துக்குத் தூக்கிட்டு வாங்க. ஓடுங்க'

அனுப்பினாள்.

புள்ளிகள் துள்ளவில்லை. பட்டை சிவந்தது. கொஞ்ச நேரத்தில், 'இக்கேள்வி முடிக்கப்பட்டது' என்று ஒரு வரி வந்து, வாலுவின் எண் திரையிலிருந்து மறைந்தது. அந்த இடத்தில் வேறொரு பிள்ளையின் கேள்வி வந்து உட்கார்ந்தது. முப்பத்தாறு கிராம் தண்ணீரில் எத்தனை மோல்?

பதினெட்டால் வகுத்தால் இரண்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். மூன்று என்று தட்டினாள். அழித்தாள். எதற்கு எதை வகுக்க வேண்டும் என்பதே மறந்துபோனது. எங்கோ ஒரு வீட்டில், ஒரு கதவுக்கு அந்தப் பக்கம், தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருக்கும் சத்தம் அவளுக்குக் கேட்பதுபோல் இருந்தது. விசை சார் வந்து நாற்காலியை நிமிர்த்தி அவளை உட்காரவைத்தார். பிறகு தன் மேசைக்குப் போய் அவள் கேள்விகளைத் தன் திரைக்கு இழுத்துக்கொண்டார். "வேதியியல் படிச்சு நாப்பது வருஷமாச்சு. இன்னைக்குப் பாதிப் பிள்ளைங்க ஃபெயிலு" என்று முனகினார். யாரும் சிரிக்கவில்லை, அவரும்.

பட்டை போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. துண்டிக்கும், மறுபடி போடுவான். எத்தனை தரம் என்று யாரும் எண்ணவில்லை. கடைசியில் சட்டென்று அவன் நிமிர்ந்தான். "ஹலோ! ஹலோ, யாருங்க?" என்றான். போனை ஒலிபெருக்கியில் போட்டான்.

பின்னால் ஒரே கூச்சல். ஒரு பெண் குரல் மூச்சிரைக்கப் பேசியது. "நான் எதிர் வீடுங்க. போன் கீழ கெடந்துச்சு, எடுத்தேன். இங்க புள்ள பாத்ரூம்ல விழுந்து கெடந்துச்சு. எங்க வீட்டுக்காரரு கதவை நெம்பித் தொறந்து தூக்கிட்டு வந்தாரு. வண்டில ஏத்திட்டாங்க."

"மூச்சு இருக்கா?" என்று கேட்டாள் கணக்கக்கா. தன் குரல் தனக்கே யாருடையதோ போலிருந்தது.

"தெரியலீங்க. ஆடாம அசையாம இருந்துச்சு. நீங்க யாரு, சொந்தமா?"

அதற்கு என்ன பதில் சொல்வது என்று அவள் யோசிப்பதற்குள் தொடர்பு அறுந்தது.

அன்று அவள் எப்படி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. நாத்தனார் தட்டை வைத்துக் கூப்பிட்டாள். உட்கார்ந்தவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். நடந்ததைச் சொல்லி முடித்தபோது நாத்தனாரின் கை வாயைப் பொத்தியிருந்தது. சாப்பாட்டுக்கு வந்த கணவர் கேட்டுவிட்டு, கை கழுவாமலே பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ சொன்னதாலதானே அந்தம்மா கதவத் திறந்தாங்க? பயந்தவளா இருந்ததாலதானே உனக்குப் பொறி தட்டுச்சு?"

"பயந்ததாலதாங்க லேட்டாச்சு" என்றாள் அவள். "அந்தம்மாவைக் கொலைகாரின்னு நெனச்சேன். காத்து உண்டா, எத்தன பேருன்னு உக்காந்து விசாரணை பண்ணேன். போலீஸ் மாதிரி. மொதல்லயே 'யாராவது உள்ள இருந்தா வெளிய கூட்டிட்டு வாங்க'ன்னு ஒரு வரி எழுதியிருந்தா? ஒரே ஒரு வரி. நான் பாட்டுக்குச் சமன்பாடு எழுதிட்டிருந்தேன். மணமில்லை, நிறமில்லைன்னு அழகா வேற எழுதினேன்."

வாய்க்கு வாய் பேசுகிற மனிதர், அன்றைக்கு அவள் தோளில் கையை மட்டும் வைத்தார்.

எத்தனை நிமிடம் வீணாக்கினோம் என்பது அலுவலகத் திரையில் இருக்கும். கேள்வி வந்த நேரம், பதில் போன நேரம், எல்லாம் பதிவாகியிருக்கும். அதைப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை. பார்க்காமலிருக்கவும் முடியவில்லை. மனம் தானாகவே கணக்குப் போட்டது. அத்தனை லிட்டர் காற்று, அத்தனை சுவாலை, அத்தனை நேரம். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு வேதியியல் கணக்குக்கு விடை வந்துவிடக் கூடாதே என்று அவள் பயந்தாள்.

மாலை மங்கும் நேரத்தில் பட்டையின் அழைப்பு வந்தது. வேலை முடிந்த பிறகும் அவன் அந்த எண்ணை விடாமல் துரத்தியிருக்கிறான்.

"அக்கா, உயிர் இருக்கு. ஆக்சிஜன் வச்சிருக்காங்களாம். கண்ணு மட்டும் இன்னும் முழிக்கலையாம்."

மட்டும் என்றான். அந்த 'மட்டும்' அவளை அடுத்த நாள் வரை தூங்கவிடவில்லை.

மறுநாள் பிள்ளை கண் விழித்தது. இரண்டொரு நாள் கழித்து அந்த அம்மாவே அலுவலகத்துக்குப் பேசினாள். பட்டை போனை இவள் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றான்.

அந்த அம்மா தையல்காரி. வீட்டில் ஒரு மிஷின் போட்டு அக்கம்பக்கத்துக்குத் தைத்துக் கொடுப்பவள். குளிர் தொடங்கியதும் புருஷன் குளியலறையில் கேஸ் ஹீட்டர் வாங்கி மாட்டியிருக்கிறார். மாட்ட வந்த ஆள், புகைக்குழாய்க்குச் சுவரில் ஓட்டை போட வேண்டும், கருவி கொண்டுவரவில்லை, பிறகு வருகிறேன் என்று போனவன் வரவேயில்லை. கொஞ்ச நாளிலேயே பிள்ளைக்குக் குளித்து வந்ததும் தலைவலி. கண்ணில் கோளாறு என்று கண்ணாடி போட்டார்கள். தலைவலி போகவில்லை. ஒரு நாள் தாய்க்கே குளிக்கும்போது காலடியில் தரை நழுவியது. அன்றைக்குச் சுவாலையைப் பார்த்தாள். நீலமாக இருந்தது மஞ்சளாகியிருந்தது.

"வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன் டீச்சர். 'நீ எதுக்குத்தான் பயப்படல? குளிருக்கு எல்லாருக்கும்தான் தலை சுத்தும்'னாரு. நானும், ஆமா நமக்குத்தான் எல்லாத்துக்கும் பயமாச்சேன்னு விட்டுட்டேன். மனசு கேக்கல. யாரைக் கேக்குறது? எனக்குத் தெரிஞ்சு ரசாயனம் படிச்சவங்க நீங்க ஒருத்தர்தான். உங்களையும் தெரியாது, பாப்பா 'அக்கா அக்கா'ன்னு சொல்றதக் கேட்டிருக்கேன், அவ்வளவுதான். இஞ்ச் டேப்பை எடுத்து அளந்து வச்சுக்கிட்டேன். அன்னைக்கு அவ குளிக்கப் போனதும் கேக்க ஆரம்பிச்சேன். கரண்ட் பில்லுல எழுதியிருக்குற மாதிரி எழுதினா மரியாதையா இருக்கும்னு நெனச்சேன்."

"போன் அடிச்சப்ப ஏம்மா எடுக்கல?"

"வீட்டுப்பாடம் இல்லாததக் கேட்டதுக்குத் திட்டப் போறீங்கன்னு பயந்துட்டேன்."

இந்தப் பக்கம் ஒருத்தி பயந்து கேள்வி கேட்டுக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் ஒருத்தி பயந்து போனை எடுக்காமல் இருந்திருக்கிறாள். நடுவில் கதவுக்குள் பிள்ளை. கணக்கக்காவுக்கு, தான் முதலில் என்ன நினைத்தோம் என்பதை அவளிடம் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டாள். இன்று வரை சொல்லவில்லை.

மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது, வீட்டுப்பாடத்துக்கு அப்பால் யாரும் உரையாடக் கூடாது என்று. பட்டை அதைச் சுவரில் ஒட்டினான், ஒட்ட வேண்டியது அவன் வேலை. ஒட்டிவிட்டு, எட்டு மேசைக்கும் போய், "அடி, அங்குலம்னு ஏதாவது கேள்வி வந்தா என்னைக் கூப்பிடுங்க. பட்டையை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டதென்று தெரிந்ததும், ஓய்வுநாள் ஒன்றில் கணவரையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனாள். மூன்றாவது மாடி. லிஃப்ட் இருந்தது. படியேறினார்கள். கணவர் அன்றைக்குக் கேலி பேசவில்லை, கூடவே ஏறினார்.

முன்னறையில் தையல் மிஷின் மேல் துணி மூடிக் கிடந்தது. தகப்பன் கதவோரம் நின்றார். பெரிய ஆகிருதி. வந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹீட்டரைக் கழற்றி எறிந்துவிட்டதாகச் சொன்னார். கணவர், "சுவத்துல ஆணி அடிச்ச ஓட்டையெல்லாம் அப்படியேவா இருக்கு? வாங்க, பாப்போம்" என்று அவரைக் குளியலறைப் பக்கம் கூட்டிப் போனார்.

வாலு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இவள் நினைத்திருந்ததைவிடச் சின்னவள். மூக்கின் மேல் அந்தத் தேவையில்லாத கண்ணாடி.

"அக்கா அக்கா அக்கா" என்றாள். குரல் மெல்லியதாக இருந்தது, ஆனால் மூன்று தரமும் வந்தது.

பாடம் நிறைய விட்டுப்போச்சு, எங்கிருந்து ஆரம்பிக்க என்று அவளே கேட்டாள். மீத்தேனிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றாள் கணக்கக்கா. எதையாவது எரிப்பதைப் பற்றி அந்த வீட்டில் பேச அவளுக்கு வாய் வரவில்லை. வெறும் படம் மட்டும் வரைந்தாள், நடுவில் ஒரு கார்பன், சுற்றி ஹைட்ரஜன்.

"கார்பனுக்குக் கை எத்தனை அக்கா? நாலுதானே?"

"நாலுதான். சமத்து."

பிள்ளை பென்சிலை வாங்கி மெதுவாக நான்கு கோடு இழுத்தாள். ஒவ்வொன்றின் முனையிலும் ஹைட்ரஜன் எழுதினாள். எழுதி முடித்து, கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"கார்பனுக்குக் கை எத்தனை அக்கா?"

கதவருகில் தண்ணீர்ச் செம்போடு வந்த தாய் அங்கேயே நின்றுவிட்டாள். இருவர் கண்ணும் சந்தித்தன. கொஞ்சம் நாளாகும், சிலது மறக்கும், பெரும்பாலும் திரும்பி வந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். பெரும்பாலும் என்றால் எவ்வளவு என்று தாய் கேட்டாளாம். அதைச் சொல்ல முடியாது என்றாராம்.

கணக்கக்கா உள்ளங்கையை மடியில் துடைத்துக்கொண்டாள். பிள்ளை முகத்தைப் பார்த்து, முதல் தரம் கேட்கிறவளுக்குச் சொல்வதைப்போலவே சொன்னாள்.

"நாலும்மா."

"ஆமால்ல" என்றாள் வாலு. படத்தைப் பார்த்தாள், ஒவ்வொரு கோடாகத் தொட்டு எண்ணினாள். எண்ணி முடிக்கும் வரை பெரியவர்கள் இருவரும் மூச்சு விடவில்லை.